பிடியரிசிப் பள்ளியிலிருந்து பகலுணவுப் பள்ளிக்கு: பெருந்தலைவர் காமராசரின் கல்வி வாழ்வு

தோற்றுவாய்

கல்வி என்றவுடன் நூலும் ஆசிரியரும் தேர்வும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மாணவன் நூலைத் திறப்பதற்கு முன்னரே அவன் கற்பானா, இடையில் நிற்பானா என்பதை உறுதி செய்யும் காரணங்கள் பலவுள. பள்ளி அவன் வீட்டிலிருந்து எத்துணைத் தொலைவில் உள்ளது? அவன் உண்டு வந்தானா, வெறும் வயிற்றோடு வந்தானா? உடுத்தியிருக்கும் கிழிந்த சட்டை அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளுகின்றதா? கட்டணம் கட்டும் நாள் நெருங்குகையில் தந்தையின் முகம் வாடுகின்றதா? ஆட்சியாளர் வகுக்கும் விதிகளும் பள்ளியின் சூழலும் இவ்வினாக்களுக்கு விடை தருகின்றன. இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே கண்டு, பின்னர் ஆட்சிப் பொறுப்பேற்றபோது அதற்கேற்பச் செயற்பட்டவர் பெருந்தலைவர் காமராசர். அவர்தம் அரசியல் வாழ்வு விரிவானது. அதனைப் பிறர் பலவாறு எழுதியுள்ளனர். அவர் வாழ்வைப் பள்ளியின் வாயிலில் நின்று நோக்குவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் பணியாகும்.

பிறப்பும் பிள்ளைமையும்

1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகக் காமராசர் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டனர். அன்னை ராசா என்று அழைத்தார். இரண்டும் இணைந்து காமராசர் ஆயிற்று. நாகம்மாள் அவர்தம் தங்கை.

தந்தையார் தேங்காய் வணிகர். மகனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் மறைந்தார். சிவகாமி அம்மையார் தம் நகைகளை விற்றுக் கிடைத்த தொகையை வணிகர் ஒருவரிடம் கொடுத்து வைத்து, அதிலிருந்து வந்த வட்டியைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். அந்நிலையிலும் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார் என்பது எண்ணத்தக்கது.

ஊரார் கட்டிய பள்ளி

காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, அவ்வூர் நாடார் சமுதாயத்தாரால் நிறுவப்பட்டதாகும். அதன் வரலாறு நமக்குப் பெரிதும் பயன் தருவது. கோயிலுக்குள் நுழையவும் உரிமையின்றித் தள்ளி வைக்கப்பட்டிருந்த அம்மக்கள், 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலகம் போன்ற கொடுமைகளையும் கண்டவர்கள். வணிகத்தில் மகமை என்னும் பெயரால் ஒரு பங்கினைப் பொதுப்பணிக்கென ஒதுக்கி, தம் உயர்வுக்குரிய வழியாகக் கல்வியைத் தேர்ந்தனர்.

வணிகரின் மகமையோடு நில்லாமல் வீடுதோறும் மகளிர் பங்கும் சேர்ந்தது. அடுப்பில் உலை ஏற்றும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். சேர்ந்த அரிசியைப் பள்ளியின் சார்பில் வந்து பெற்றுச் செல்வர். அதனை விற்ற பணம் பள்ளிச் செலவுக்கு உதவிற்று. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காமல் அப்பள்ளி நடந்தது. தந்தையை இழந்த ஒரு சிறுவன் எழுத்தறிந்ததற்குப் பெயர் தெரியாத எத்தனையோ தாய்மாரின் கைப்பிடி அரிசி காரணமாயிற்று. கட்டணம் வாங்கும் பள்ளியாக அஃது இருந்திருப்பின், சிவகாமி அம்மையாரின் வட்டிப் பணம் அடுப்புக்குப் போதுமா, பள்ளிக்குப் போதுமா என்னும் வினா எழுந்திருக்கும்.

இளமைக்கால நிகழ்ச்சியொன்றை அவர் வரலாற்றை எழுதுவோர் தவறாது குறிப்பர். பள்ளியில் பிள்ளையார் சதுர்த்தி விழாவிற்கு மாணவர் அனைவரும் சமமாகக் காசு கொடுத்தனர். பூசை முடிந்து பொரியும் கடலையும் வழங்கியபோது முண்டியடித்தவர் நிறையப் பெற்றனர். ஒதுங்கி நின்ற காமராசருக்குச் சிறிதளவே கிடைத்தது. வீட்டில் அதுபற்றிக் கேட்டபோது, எல்லாரிடமும் ஒரே அளவு காசு வாங்கியவர்கள் எல்லார்க்கும் ஒரே அளவு கொடுத்திருக்க வேண்டியதுதானே என்னும் கருத்தில் அவர் விடை கூறினாராம். வலியவன் பெற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல், ஒதுங்கி நிற்பவனுக்கும் உரியதைச் சேர்ப்பதே பங்கீடு என்னும் கருத்து இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. பின்னாளைய ஆட்சியாளரின் இயல்பை மக்கள் இதில் கண்டதனாற்போலும் இந்நிகழ்ச்சி நிலைபெற்றது.

பள்ளியை விட்ட சிறுவன்

கட்டணமில்லாப் பள்ளியாலும் அவரை நெடுநாள் நிறுத்தி வைக்க இயலவில்லை. பன்னிரண்டு வயதளவில், ஆறாம் வகுப்போடு, அவர் கல்வி நின்றது. தாய்மாமன் கருப்பையா அவர்களின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டணம் இல்லாதிருப்பது மட்டும் போதாது, பள்ளியில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஈட்டாமற் போகும் கூலியும் ஏழைக் குடும்பத்துக்கு ஓர் இழப்பே என்னும் உண்மை இங்குப் புலனாகின்றது. உணவும் உடையும் நூலும் சேர்ந்து ஈடு செய்தாலன்றி அவ்விழப்பை அக்குடும்பம் தாங்காது.

கடையில் அமர்ந்த இளைஞரின் உள்ளம் நாட்டு நிகழ்ச்சிகளில் சென்றது. 1919ஆம் ஆண்டின் சாலியன்வாலாபாக் படுகொலை அவரை விடுதலைப் போராட்டத்தின்பால் ஈர்த்தது. அரசியலிலிருந்து அவரை விலக்க எண்ணிய உறவினர், திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். அவரோ வைக்கம் போராட்டத்தில் ஈடுபட்டார். 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரில் கைதாகி அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னரும் பலமுறை சிறை சென்றார். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. பள்ளி தராத கல்வியைச் சிறையில் நூல்களைப் படித்தும், உடனிருந்தோரோடு உரையாடியும் பெற்றார். 1940ஆம் ஆண்டு தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவரானார்.

இவ்வாறு தாமே கற்றுயர்ந்த ஒருவர், உழைத்தால் எவரும் உயரலாம், பள்ளி எதற்கு என்று பேசியிருக்கக்கூடும். அவ்வாறு பேசுவோரை நாம் அறிவோம். காமராசரோ தமக்கு நேர்ந்தது பிறர் பிள்ளைக்கு நேரக்கூடாது என்று கருதினார். அவர் பெருமை இவ்விடத்தில்தான் தொடங்குகின்றது எனலாம்.

அரை நாட் பள்ளி

1952ஆம் ஆண்டு சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மூதறிஞர் இராசாசி, 1953ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வியில் புதிய திட்டமொன்றைக் கொணர்ந்தார். அதன்படி நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் இரு பிரிவாக நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலை வீட்டிலும் ஊரிலும் கற்பர். கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில், இருக்கும் பள்ளிகளிலேயே இருமடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அத்திட்டத்தின் நோக்கம். அந்நோக்கத்தை முற்றிலும் தவறெனக் கூறுதல் நேர்மையாகாது.

ஆயின் விளைவு என்ன? சாதியும் தொழிலும் பிணைந்து கிடந்த நாட்டில், தந்தை தொழிலை மகன் கற்க வேண்டும் என்னும் விதி, செருப்புத் தைப்பவர் மகனைச் செருப்புத் தைக்கவே அனுப்பும் என்று மக்கள் அஞ்சினர். குலக்கல்வித் திட்டம் என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. தந்தை பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் கிளர்ச்சி செய்தனர். ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. இராசாசி பதவி விலக, 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியம் அவர்களையே அமைச்சராக்கிக் கல்வித் துறையை ஒப்படைத்தார். அடுத்த திங்களிலேயே அரை நாட் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி நேரத்தைப் பற்றிய ஒரு விதி, ஓர் ஆட்சியையே மாற்றும் ஆற்றலுடையது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

பிள்ளையைத் தேடிச் சென்ற பள்ளி

திட்டத்தைக் கைவிட்டதோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பள்ளிகள் போதாமை அவ்வாறே இருந்தது. 1951ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர். கல்வித் துறையின் இயக்குநராக அமர்ந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் துணையோடு காமராசர் இச்சிக்கலை எதிர்கொண்டார். அரசியல் தலைவர் ஒருவரும் துறை வல்லுநர் ஒருவரும் ஒருமனப்பட்டு இயங்கினால் எத்துணை விளையும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

சிற்றூர்கள்தோறும் தொடக்கப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பிள்ளை நடந்து செல்லும் தொலைவில் பள்ளி இருத்தல் வேண்டும் என்பது கொள்கையாயிற்று. இரண்டு கல் தொலைவு என்பது சிறுவனுக்கு ஒரு நடை. சிறுமிக்கோ அது தாண்டவியலாத வேலி. ஊருக்குள் பள்ளி வந்த பின்னரே பெண் குழந்தைகள் பலர் பள்ளியின் முகத்தைக் கண்டனர். சிற்றூர்கள் பலவற்றில் ஓராசிரியர் பள்ளியே அமைந்தது. ஒருவரே எல்லா வகுப்புகளையும் நடத்துவதன் குறைகளை நாம் அறிவோம். எனினும் பள்ளியே இல்லாத ஊரில் அந்த ஒற்றை ஆசிரியரே தொடக்கமாக விளங்கினார். பள்ளி வேலை நாள்கள் 180இலிருந்து 200ஆக உயர்த்தப்பட்டன.

ஆசிரியர் நிலையும் மறக்கப்படவில்லை. அரசின் உதவி பெறும் தனியார் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம், வைப்புநிதி, காப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முதுமையில் கையேந்த நேருமோ என்னும் அச்சம் நீங்கிய ஆசிரியரே மாணவர்பால் முழுமனத்தோடு நிற்க இயலும். மாணவர் நலமும் ஆசிரியர் நலமும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள்.

பகலுணவு

காமராசரை நினைக்குந்தோறும் மக்கள் நினைப்பது பகலுணவுத் திட்டம். சிற்றூர்ப் பயணம் ஒன்றில், ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை நிறுத்திப் பள்ளிக்குப் போகவில்லையா என்று அவர் வினவ, போனால் சோறு கிடைக்குமா என்று அச்சிறுவன் திருப்பிக் கேட்டதாக மக்கள் வழக்கில் ஒரு செய்தி உலவுகின்றது. அச்சிறுவனின் வினாவில் கல்வித் துறையின் பெருஞ்சிக்கல் ஒன்று அடங்கியிருந்தது.

பள்ளியில் உணவளிக்கும் முயற்சி அதற்கு முன்னரும் உண்டு. பிட்டி. தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, 1920ஆம் ஆண்டில் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவு வழங்க முடிவு செய்தது. அம்முயற்சி மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றோடு நின்றது. சிற்றூர்களுக்கும் அதனைக் கொண்டு செல்லக் காமராசர் விழைந்தார். பொருள் எங்கிருந்து வரும் என்பதே எல்லாரும் எழுப்பிய வினா. இதற்காக ஊர் ஊராகச் சென்று கையேந்தவும் அவர் அணியமாக இருந்தார்.

1956ஆம் ஆண்டில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் ஊராரின் கொடையே அடிப்படையாக இருந்தது. பின்னர் அரசும் பங்கேற்றது. உணவொன்றுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, அரசு 6 காசும் ஊரார் 4 காசும் அளிப்பது என வகுக்கப்பட்டது. ஊரார் பங்கு நெல்லாகவும் பருப்பாகவும் விறகாகவும் வந்தது. சத்திரிய வித்தியாசாலையின் பிடியரிசி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் உரிய ஏற்பாடாக விரிந்ததை இங்கே காண்கிறோம். அன்று அரிசியை விற்றுப் பள்ளியை நடத்தினர். இன்று பள்ளியிலேயே அரிசி சோறாயிற்று.

பசித்த குழந்தையின் கண் கரும்பலகையில் நிலைப்பதில்லை. முற்பகலில் வந்து, உணவுக்கென வீடு சென்று, வீட்டில் உணவில்லாமையால் மீளாத பிள்ளைகள் பலர். பகலுணவு அவர்களைப் பிற்பகலிலும் வகுப்பில் நிறுத்தியது. தம்பி தங்கையைக் காக்க வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமியை, ஒருவேளைச் சோறேனும் மிஞ்சும் என்று தாய் பள்ளிக்கு அனுப்பினாள். ஒரே வரிசையில் அமர்ந்து உண்ட பிள்ளைகள், வீட்டுத் திண்ணைகளில் நிலவிய வேற்றுமையைப் பள்ளித் திண்ணையில் சிறிதேனும் மறந்தனர்.

குறைகளும் இருந்தன. ஊரார் கொடையை நம்பியமையால், மழை பொய்த்த ஆண்டுகளிலும் வளமற்ற ஊர்களிலும் உணவு தடைப்பட்டது. பசி மிக்க ஊரே கொடை குறைந்த ஊராகவும் இருந்தது இயல்பு. 1960களில் அயல்நாட்டு அறநிறுவனத்தின் பால்மாவும் எண்ணெயும் பிற பொருள்களும் ஓரளவு உதவின. அரசே முழுப் பொறுப்பையும் ஏற்றுச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது 1982ஆம் ஆண்டில், எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில். 1995ஆம் ஆண்டில் நடுவணரசு நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கிற்று. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கப்பட்டது. எட்டயபுரத்தில் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை.

உடையும் கட்டணமும்

உணவுக்குப் பின் உடை. வகுப்பறையில் பிள்ளையின் உடை அவன் குடும்பத்தின் வறுமையைப் பறைசாற்றுகின்றது. அவ்வெட்கமே பலரைப் பள்ளியிலிருந்து விரட்டுகின்றது. செல்வர் மகனும் ஏழை மகனும் ஒரே உடையில் அமர்ந்தால் அவ்வெட்கத்திற்கு இடமில்லை. 1960ஆம் ஆண்டளவில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கும் முயற்சி தொடங்கிற்று. அதே காலத்தில், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதி வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி அளிக்கப்பட்டது.

பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அக்காலத்துப் புதுமை. ஊர்ப் பள்ளிக்கு என்ன குறை என்று ஊராரே பட்டியலிடுவர். ஒருவர் நிலம் தருவார், ஒருவர் கூரை வேய்ந்து தருவார், மற்றொருவர் கடிகாரமோ நிலப்படமோ தண்ணீர்ப் பானையோ தருவார். தாம் தந்த பொருள் உள்ள பள்ளியை ஊரார் தம் பள்ளியாகக் கருதினர். கதவு உடைந்தால் அரசுக்கு மனு எழுதிக் காத்திராமல் தாமே தச்சரை அழைத்தனர்.

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேராயினர். பத்தே ஆண்டுகளில் ஏற்பட்ட இவ்வளர்ச்சி ஒருவரால் மட்டும் விளைந்ததன்று. அமைச்சர், இயக்குநர், ஆசிரியர், ஊரார் எனப் பலர் கை சேர்ந்தது. அக்கைகளைச் சேர்த்த தலைமை காமராசருடையது.

இறுதி நாள்கள்

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்கெனத் தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு அனைத்திந்தியக் காங்கிரசுத் தலைவராகி, இரு தலைமை அமைச்சர்களின் தேர்வில் பெரும்பங்கு வகித்தார். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே மாணவர் தலைவர் ஒருவரிடம் தோற்றார். அவர் திறந்த பள்ளிகளில் எழுத்தறிந்த தலைமுறை, தன் வாக்கைத் தானே எண்ணி அளிக்கும் நிலைக்கு வந்திருந்தது. கல்வி தந்தவர் நன்றியை எதிர்பார்த்துத் தருவதில்லை. அத்தோல்வியை அவர் அமைதியோடு ஏற்றார். 1969ஆம் ஆண்டு நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். மணம் செய்து கொள்ளாதவர், சொத்துச் சேர்க்காதவர். 1976ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவர்தம் பிறந்த நாளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன.

நிறைவுரை

இவ்வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, சமுதாயத்தார் நடத்தும் பள்ளியின் பயன் பற்றியது. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கெனக் கட்டிய பள்ளி, நாடு முழுவதற்கும் பள்ளி கட்டிய ஒருவரை உருவாக்கிற்று. 1919ஆம் ஆண்டில் வாணியம்பாடியிலும் 1951ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலும் நம் முன்னோர் கல்லூரிகள் நிறுவியபோது அவர்தம் உள்ளத்தில் இருந்ததும் இத்தகைய நோக்கமேயாகும். அவை எல்லாச் சமயத்து மாணவரையும் ஏற்று வளர்ந்தன. இத்தகைய நிறுவனங்களின் வாயிலில் ஏழை மாணவன் தயங்கி நிற்பானாயின், நிறுவியவர்தம் நோக்கம் அந்த அளவுக்குக் குறைவுபடும்.

இரண்டாவது, கடைக்கு அனுப்பப்படும் சிறுவனைப் பற்றியது. வணிகம் செய்யும் குடும்பங்கள் மிகுந்த நம் சமுதாயத்தில், பன்னிரண்டு வயதில் மாமன் கடைக்குச் சென்ற காமராசரின் கதை புதிதன்று. பத்தாம் வகுப்பை முடிக்கு முன்னரே கடைக்கும், அகவை நிரம்பியவுடன் அயல்நாட்டு வேலைக்கும் செல்லும் இளைஞர் இன்றும் உளர். கடைக்குச் சென்ற சிறுவருள் ஒருவர் முதலமைச்சரானார் என்று நாம் மகிழ்கிறோம். அவரோடு கடைக்குச் சென்ற ஏனையோர் என்னவாயினர் என்று நாம் கேட்பதில்லை. காமராசர் தம் ஆட்சிக் காலம் முழுவதும் அந்த ஏனையோரையே எண்ணினார். பெரியோர்கள் இதனை நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியராகிய நமக்குரியது. மாணவன் பாடத்தில் பின்தங்கும்போது அவனை மந்தன் என்று முடிவு கட்டுதல் எளிது. அவன் காலையில் உண்டானா, எத்தனை மணிக்குப் பேருந்து ஏறினான், கட்டணம் கட்டிவிட்டானா என்று கேட்டறிதல் சற்றே அரிது. அவ்வினாக்களைக் கேட்கும் ஆசிரியரே மாணவனை அறிந்தவராவார்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் இன்று அமர்ந்திருக்கும் இருக்கைக்குப் பின்னால், தாம் எழுதப் படிக்க அறியாமலே ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த தாய்மார் பலர் நிற்கின்றனர். அவர்களுக்குரிய கடனை உங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளுக்குச் செலுத்துங்கள். பெருந்தலைவர் தம் வாழ்நாள் முழுவதும் செலுத்தியது அக்கடனையேயாகும்.